கொஞ்சம் தெரியும்

1

கண்ணாடி நல்ல கண்ணாடிதான். மூக்கில் உட்காரும் இடத்தில்கூட உறுத்தவில்லை. உறுத்தியிருந்தாலாவது அதையே சாக்காகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். இவ்வளவு நல்லதாக எதற்கு வாங்கினார் இந்த மனிதர்?

இதெல்லாம் அவள் மனதுக்குள் ஓடியது. வாய் சொன்னது வேறு: "யோசிச்சு சொல்றேன் சார்."

இந்தக் கதை உண்மையில் இங்கே பிறக்கவில்லை. ஒரு வங்கியில், நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பிறந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் ஒரு காகிதத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில், காதோரமாக வைத்து, முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு படித்தாள். கவுண்டருக்கு உள்ளே இருந்தவர் கேட்டார்: "தெரியுதாம்மா?" அவள் காகிதத்தை இறக்காமலே, "உங்களுக்கு என்ன தெரியணும், அதச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். அவளை அப்புறம் நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கியபோது இப்படி வந்தது:

அவள் ஒரு பார்வையற்ற

(இல்லை. தவறு.)

பார்வையுள்ள பெண்தான் என்றாலும்

(அதுவும் இல்லை.)

அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

இதை எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் வரை. திரும்பி வந்து படித்தால், எதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும் என்று நீங்கள் கேட்பது போல இருந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கும் அறிவுக்குத் தெரிவதற்கும் நம்மிடம் இருப்பது ஒரே சொல். இத்தனை நாள் அதைக் கவனிக்காமலே கதை எழுதியிருக்கிறேன். சரி, இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவைக்கிறேன். அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

2

அவள் வேலை செய்வது, பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர்களைத் தயார்ப்படுத்தும் கல்லூரியில். அங்கே பயிற்றுநர். ஆராய்ச்சியும் செய்கிறாள். கல்லூரியில் எல்லோருக்கும் மேடம். வீட்டில் அக்காவுக்குக் குருவி.

குருவி என்ற பெயர் அவள் பார்க்கும் விதத்தால் வந்தது. பார்வையின் நடுப்பகுதி அவளுக்கு இல்லை. ஓரங்கள் இருக்கின்றன. எதையாவது நேராகப் பார்த்தால் அது காணாமல் போகும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் வந்து நிற்கும். அதனால் தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் திருப்பி, குருவி தானியத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். சின்ன வகுப்பில் ஓர் ஆசிரியை, "மூஞ்சியப் பார்த்துப் பேசு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புவார். திருப்பிய நொடியில் ஆசிரியை மறைந்துபோவார். யாருமில்லாத இடத்தைப் பார்த்து மரியாதையாகப் பதில் சொல்ல அவள் அப்போதே பழகிவிட்டாள்.

(அந்த நடுப்பகுதி எப்படி இருக்கும் என்று விவரிக்க ஒரு பத்தி எழுதினேன். "பனிமூட்டம் போல", "புகை படிந்த கண்ணாடி போல", "கறுப்பு மை கொட்டியது போல". மூன்றையும் அடித்தேன். அவளைக் கேட்டால், பனியும் இல்லை, புகையும் இல்லை, கறுப்பும் இல்லை என்பாள். உங்கள் தலைக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது? அது போலத்தான். ஒன்றுமில்லாததற்கு நிறம் கிடையாது.)

சிக்கல் எங்கே என்றால், அவள் நன்றாக நடப்பாள். மேசை நாற்காலி, வாசற்படி எதிலும் இடித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கித் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தால்தான் படிக்க முடியும். எதிரே வருபவர் யார் என்று குரல் வந்தால்தான் சொல்ல முடியும். பார்க்கிறவர்கள் நடையை ஒரு நாளும் படிப்பை ஒரு நாளும் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று இருக்கிறது. நடிக்கிறாள்.

3

துறைத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டபோது, மேசையில் அந்தப் பெட்டி இருந்தது.

(முதல் வரைவில் தலைவருக்கு ஒரு மோசமான சிரிப்பு கொடுத்திருந்தேன். ஒட்டவில்லை. அவள் பாடத்திட்டத்துக்காக மேலிடத்தில் அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர்தான். சிரிப்பை எடுத்துவிட்டேன். இப்போது அவர்மேல் கோபப்படுவது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.)

"நாளைக்குக் குழு வருதும்மா. உங்க பாடத்துக்கு அவங்க சரின்னு சொல்லிட்டா, அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லாப் பயிற்சிக் கல்லூரியிலயும் கட்டாயப் பாடம்."

"தெரியும் சார்."

"இது ஒரு மணி நேர வேலைதான். கூட்டம் முடிஞ்சதும் கழட்டிடுங்க."

அவள் பெட்டியைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடி.

"நாளைக்கு வெயில் அடிக்குமா சார்?"

"வெயிலுக்கு இல்லம்மா."

 தலைவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். நாற்காலிதான் அவருக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் முனகியது.

"போன தடவை வந்தவர் என்ன கேட்டார் தெரியுமா? 'அந்தம்மா நாற்காலியச் சுத்தி அழகா நடந்து போறாங்களே, அவங்களுக்கு நெஜமாவே பார்வைக் குறைபாடா'ன்னு."

"நாற்காலி பெருசு சார். எழுத்துதான் சின்னது."

"எனக்குப் புரியுது. அவருக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்? அவங்க மூளையில ரெண்டே பெட்டி. ஒண்ணு தெரியும், இன்னொண்ணு தெரியாது. நீங்க நடுவுல நிக்கறீங்க. பேச வேண்டியதப் பேச விடாம உங்க கண்ணப் பத்தியே பேசிட்டுப் போயிடுவாங்கம்மா. இதப் போட்டுட்டா அந்தப் பேச்சே வராது. கையில ஒரு குச்சி இருந்தா இன்னும்…"

குச்சி என்ற இடத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "குச்சி வேண்டாம்" என்றார் வேகமாக.

அப்போதுதான் அவள் போட்டுப் பார்த்தாள். உறுத்தவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

4

பாடம் என்ன பாடம் என்று சொல்லாமல் நான் இழுத்துக்கொண்டே போகிறேன். இனி தள்ளிப்போட முடியாது.

அவளுடைய ஆராய்ச்சி முழுக்க ஒரு சொல்லைப் பற்றியது. வங்கியில் கேட்ட அதே சொல். கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும் பிள்ளைகள் படிக்கும் வகுப்புகளில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, ஆசிரியர்கள் என்ன கேட்கிறார்கள், பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சிறுமி. ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பதால் அவளுக்கு ஆராய்ச்சியில் ஜன்னல் என்றே பெயர். பதிவு இப்படிப் போகிறது.

"இந்தப் படம் தெரியுதா?"

"தெரியுது சார்."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது சார்."

"என்ன படம் சொல்லு?"

 யாரோ பென்சிலைக் கீழே போட்டு எடுக்கிறார்கள்.

"நல்ல படம் சார்."

இதைப் பயிற்சி ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டியபோது வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "இதுல யாருக்குத் தெரியல?" என்று கேட்டாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது: "சாருக்கு மேடம்."

விஷயம் இதுதான். "தெரியல" என்று அந்தப் பிள்ளை சொன்னால், கண் போதவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், மண்டையில் ஒன்றுமில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று பிள்ளைக்குத் தெரியாது. (பாருங்கள், மறுபடியும்.) எதற்கு வம்பு? "தெரியுது" என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்த வகுப்புகளில் "தெரியுதா?" என்று கேட்டபோதெல்லாம் பிள்ளைகள் அநேகமாக "தெரியுது" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மந்தம் என்று ஒதுக்கியிருந்தது.

ஆகவே அவள் பாடத்தின் முதல் விதி: தெரியுதா என்று கேட்கக் கூடாது. என்ன தெரியுது என்று கேள்.

கேட்கச் சுலபம். வாயில் ஊறிய சொல்லை எடுப்பது பல்லைப் பிடுங்குவது மாதிரி. பயிற்சி ஆசிரியர்களில் ஒருவர், எல்லோரும் புலவர் என்று கேலி செய்யும் ஒருவர், ஜன்னலின் முன் போய் நின்று, "தெரியு…" என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "உன் கண்ணில் படுவனவற்றை எனக்கு விவரி" என்றார்.

"சார், நீங்க ஏன் சார் புக்கு மாதிரி பேசறீங்க?"

"சரிம்மா. என்ன தெரியுது?"

ஜன்னல் யோசித்தாள். இப்படி யாரும் அவளை இதற்கு முன் கேட்டதில்லை. "படத்து மேல லைட்டு தெரியுது சார். லைட்டுக்கு அடியில என்னமோ இருக்கு."

பளபளப்பான அட்டை. மேலே குழல் விளக்கு. புலவர் அட்டையைக் கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான். "அட, வாத்து!" என்று ஜன்னல் கத்தியது ஒலிப்பதிவில் இருக்கிறது. குருவி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். ஆராய்ச்சிக்காக என்று சொல்லிக்கொள்வாள்.

* இந்தப் பகுதியை எழுதும்போது என் வாக்கியங்களும் என்னைப் பார்த்துச் சிரித்தன. "தூரத்தில் பேருந்து வருவது அவளுக்குத் தெரிந்தது" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். பார்த்தாளா, சத்தம் கேட்டாளா, அந்த நேரத்துக்கு வரும் என்ற பழக்கமா? தமிழ் என்னை விளக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. ஒளிந்துகொள்ள நல்ல சந்து இந்தச் சொல். பேருந்தையே எடுத்துவிட்டேன். அவள் நடந்து வீட்டுக்குப் போகட்டும். பக்கம்தான்.

5

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் வேலை. சின்ன எழுத்து படித்துப் படித்து அக்காவுக்கும் இப்போது கண்ணாடி. பெட்டியைத் திறந்து கறுப்புக் கண்ணாடியைத் தானே போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன் நின்றாள்.

"ஏ குருவி, எனக்கு நல்லா இருக்குடி."

"நீயே வச்சுக்கோ."

விவரம் கேட்டதும் அக்கா சிரிப்பை நிறுத்தினாள். துணியை மடித்தபடியே, "போட்டுத் தொலையேன்" என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"நான் கடையில வெள்ளைக் கோட்டு போடறேன். எனக்கென்ன குளிருதா? அதப் போட்டாத்தான் நான் குடுக்கற மருந்த வாங்கறான். கோட்டு இல்லாம நின்னா, 'வேற யாரும் இல்லையாம்மா'ங்கறான்."

"கோட்டு போட்டா நீ மருந்துக்காரி. நீ மருந்துக்காரிதான். இதப் போட்டா நான் பொய்."

"பாதிப் பொய்."

"எந்தப் பாதி?"

 அக்கா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "ஊர்ல எத்தனை பிள்ளைங்க அந்தப் பொண்ணு மாதிரி 'நல்ல படம் சார்'னு சொல்லிட்டு உக்காந்திருக்கு? உன் மூக்கு பெருசா, அதுங்க பெருசா?"

குருவி எழுந்தாள். சமையலறைக்குப் போனாள், எதற்கு என்று மறந்து திரும்பினாள். உட்கார்ந்தாள். ஜன்னல் கதவைச் சாத்தினாள், திறந்தாள். அக்கா கேட்டது நியாயம். நியாயம் என்பதுதான் குடைந்தது. முட்டாள்தனமான பேச்சாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தாள். ஓரங்களும் இருண்டன. தெரியாதவள் போல நடப்பது எப்படி என்று உடம்பு தானாக யோசிக்கத் தொடங்கியது. தோளைக் கொஞ்சம் குறுக்க வேண்டும், கையை முன்னால் நீட்ட வேண்டும், நாற்காலியை ஒரு தடவையாவது இடிக்க வேண்டும். அவளுடைய தோழிகளில் ஒருத்திக்குச் சுத்தமாகப் பார்வை கிடையாது. அவள் நிமிர்ந்து விறுவிறுவென்று நடப்பவள். அப்படியானால் இந்தக் குறுகல் யாருடையது? எங்கிருந்து கற்றுக்கொண்டேன்? சடக்கென்று கழற்றினாள். காது மடலில் சிவப்பாகக் கீறல் விழுந்தது.

"பாத்து" என்றாள் அக்கா.

6

இங்கே வந்ததும் நான் நின்றுவிட்டேன். முடிவுகள் ஒன்றல்ல, ஒரு கூட்டமே வாசலில் நிற்கிறது.

அ) அவள் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறாள். குழு உருகுகிறது. "இந்த நிலைமையிலயும் இவ்வளவு சாதிச்சிருக்கீங்களே!" பாடம் எல்லாக் கல்லூரிக்கும் போகிறது. பிள்ளைகள் வாத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் அவள் கண்ணாடியோடுதான் போக வேண்டும். எங்கோ ஒரு வகுப்பில், மிச்சப் பார்வையை மறைக்கக் கூடாது என்று அவள் பேசும்போது, முன்வரிசையில் ஒரு பிள்ளை தலையைச் சாய்த்து அவளை

(முடிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.)

ஆ) போட்டுக்கொள்ளவில்லை. குழுவில் ஒருவர், "இவங்களுக்குத்தான் தெரியுதே" என்று எழுதிவிட்டுப் போகிறார். பாடம் கைவிட்டுப் போகிறது. ஜன்னல் அடுத்த வகுப்பில், அடுத்த ஆசிரியரிடம், "தெரியுது மிஸ்" என்கிறாள். அக்கா ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாமலிருப்பதே போதும்.

இ) குழுவில் ஒருவருடைய பேத்திக்கும் இதே பார்வை. அவர் கண் கலங்குகிறார். எல்லாம் சுபம். இந்த முடிவை எழுதிவிட்டு, ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு கிழித்தேன். தாத்தா கிடைக்காத பிள்ளைகள் என்ன செய்யும்?

நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளைக் கூட்ட அறைக்கு அனுப்பிவிட்டு, கதவருகே நின்று கேட்டேன்.

7

கண்ணாடி பைக்குள்ளேயே இருந்தது. தலைவர் அவள் முகத்தைப் பார்த்தார். குழுவுக்குத் தண்ணீர் எடுத்து வைத்தார். ஒரு குவளை மேசையில் கொஞ்சம் வேகமாக இறங்கியது.

குழுவில் ஒரு பெண், இரண்டு ஆண்கள். அவள் பேசினாள். நன்றாகப் பேசினாள். ஜன்னலின் பதிவைப் போட்டாள். "நல்ல படம் சார்" வந்ததும் மூவரும் சிரித்தார்கள். வாத்து வந்ததும் அந்தப் பெண் "ச்சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எத்தனை ஆசிரியர்கள், எத்தனை நாள் பயிற்சி, கிராமத்துப் பள்ளிக்கு யார் போவார்கள் என்றெல்லாம் கேள்விகள் வந்தன. எல்லாம் பாடத்தைப் பற்றியவை. தலைவரின் நாற்காலி முனகுவதை நிறுத்தியிருந்தது.

குழுவில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். இதமான குரல். இந்தக் கதையில் எல்லோருமே இதமானவர்களாக அமைந்துவிட்டார்கள், நான் என்ன செய்ய.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. எங்களுக்கு முழு திருப்தி. ஒரே ஒரு சின்ன விஷயம். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீங்க உள்ளே வந்தீங்க, நாற்காலிய இழுத்துப் போட்டீங்க, உக்காந்தீங்க. எதையும் தடவல. பாக்கறப்போ… மேல கேப்பாங்க இல்லையா? நான் பதில் சொல்லணுமே." கையை உயர்த்தினார். மேசைக்கு இந்தப் பக்கம் வரை நீண்டது கை. "இது எத்தனை விரல்னு மட்டும் சொல்லிடுங்க. முடிஞ்சுது. கையெழுத்து போட்டுடறோம்."

"சொல்லிடுங்கம்மா" என்றார் தலைவர். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அவருக்காக இல்லை, அவளுக்காக.

சரியான எண்ணைச் சொன்னால், தெரிகிறதே, அப்புறம் என்ன என்று ஒரு பெட்டி. தெரியவில்லை என்றால் இன்னொரு பெட்டி. மேலிடத்துக்கு அதுதான் வசதி. அந்த ஒரு வார்த்தையில் பாடம் எல்லாக் கல்லூரிக்கும் போய்விடும், கண்ணாடிகூடத் தேவையில்லை. வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பது போலத்தான் அவளையும் கேட்டார், அன்பாக. அன்பாகக் கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்க ஒரு பழக்கம் எழுந்து நின்றது.

எத்தனை விரல் என்று எனக்குத் தெரியும். எழுதியும் இருந்தேன். அவளுக்குத் தெரிந்ததா என்பதையும் எழுதியிருந்தேன். இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன். உங்களுக்கு அந்த எண் வேண்டும்போல இருந்தால், எதற்கு வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கையெழுத்து விழுந்ததா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் எந்தப் பக்கம் எழுதினாலும் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும், ஜன்னல் போய் உட்காருவாள்.

 மூத்தவரின் கை இறங்கவில்லை.

"மத்தது எது வேணாலும் கேளுங்க" என்றாள் அவள். "இது வேண்டாங்க."